புரதம் இருந்தால்

மடுல்சீமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாதிப் பெண்கள் வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததற்குக் காரணம் விலைவாசி அல்ல, அம்மனும் அல்ல. டொக்டர் கிஷாந்தனும் ஒரு ஒலிபெருக்கியும்.

மருத்துவ முகாமுக்கென்று பதுளையிலிருந்து வேனில் போயிருந்தார்கள். மார்பில் புற்றுநோய் வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்குப் பின்னால் கை வீங்குவதைப் பற்றிச் சின்னதாக ஒரு பேச்சு. அவ்வளவுதான் ஏற்பாடு.

"கட்டுப் போடுறது எப்படி, நீவி விடுறது எப்படி, காயம் படாம பாத்துக்கிறது எப்படி. இத செல்லிட்டு இறங்கிடுங்க டொக்டர்," என்று பிசியோதெரபிஸ்ட் ஷிப்னா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் மைக்கைக் கையில் கொடுத்தாள்.

கிஷாந்தன் அதையெல்லாம் சொன்னார். இறங்கவில்லை.

அவருடைய வியாதி அது. பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வு செய்தது ஒரு புரதத்தைப் பற்றி. உடம்பில் நிணநீர் ஓடுகிற மெல்லிய நாளங்களை முளைக்கவும் கிளைவிடவும் சொல்கிற புரதம். ஆய்வு முடிந்தது, பட்டம் கிடைத்தது, யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு நியமனமும் வந்தது. புரதத்தைப் பற்றிக் கேட்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. மனைவி சிவரூபி கல்யாணமான புதிதில் கேட்டாள். இப்போது அவர் வாயைத் திறந்தால் அவள் குக்கரைப் பார்க்கப் போய்விடுவாள். குக்கர் அடுப்பில் இல்லாத நேரத்திலும்.

இங்கே முன்னால் ஒரு மண்டபம் நிறைய ஆட்கள். வெளியே மழை. எழுந்து போக வழியில்லாத சபை. எந்தப் பேச்சாளனுக்குத்தான் சபலம் தட்டாது?

"இந்தப் புரதம் இருந்தால் நாளம் வளரும்!" என்றார் கிஷாந்தன். குரல் தானாக உயர்ந்தது. "நாளம் வளர்ந்தால் வீக்கம் வடியும்!"

ஒலிபெருக்கி மாரியம்மன் கோயிலுடையது. வாங்கிய நாளிலிருந்து விரதத்தையும் திருவிழாவையும் தவிர வேறெதையும் அறிவித்து அறியாத கரகரத்த குழாய். பழக்கதோஷமாக இருக்கவேண்டும். புரதம் உள்ளே போய் விரதமாக வெளியே வந்தது. நாளம் பாதியில் அறுந்து நாள் ஆனது. விரதம் இருந்தால் நாள் வளரும், வீக்கம் வடியும். இதில் விளங்காத சொல் ஒன்றுகூட இல்லை. கிஷாந்தன் தன் வாழ்நாளில் ஆற்றிய தெளிவான மருத்துவ உரை அதுதான். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பி வரும்போது வேனில் அவர் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்ததாக ஷிப்னா பிறகு சொல்லிக் காட்டினாள்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பாக்கியலெட்சுமியைத் தோட்டத்து லொறியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் இறக்கினார்கள்.

பாக்கியலெட்சுமியை வார்டில் எல்லோருக்கும் தெரியும். புற்றுநோயோடு சேர்த்து வலது அக்குளில் இருந்த நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்துவிட்டதால் நிணநீர் வடிய வழியில்லாமல் அந்தக் கை வீங்கியிருந்தது. கொழுந்து பறிக்க முடியாது என்று அவளைப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்க்க விட்டிருந்தார்கள். வீங்கிய கைக்கு அவள் 'தொரை' என்று பெயர் வைத்திருந்தாள். "வேல ஒண்ணும் செய்ய மாட்டாரு. ஒக்காந்தா தலகாணி கேப்பாரு. தொரை இல்லாம வேற யாரு?" என்று கட்டுப் போடும்போது சொல்லி ஷிப்னாவைச் சிரிக்கவைப்பாள்.

இப்போது சிரிக்கும் நிலையில் இல்லை. பிள்ளைக்காம்பராப் படியில் மயங்கி விழுந்து, அந்தக் கையையே கல்லில் உரசிக்கொண்டிருந்தாள். வடிகால் இல்லாத கையில் சின்னச் சிராய்ப்பும் பெரிய வினை. சிவப்பு முழங்கையைத் தாண்டித் தோள்வரை ஏறியிருந்தது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது.

"ஏன் மயங்கினவா? சாப்பிடேல்லையோ?" என்று கிஷாந்தன் ஊசிக்கு எழுதிக்கொண்டே கேட்டார்.

"எப்பிடிங்க சாப்பிடுவா?" என்றான் அவள் கணவன் வீரய்யா. தோட்டத்தில் கான் வெட்டுகிறவன். மழைத்தண்ணீர் தேயிலை மலையை அரித்துப் போகாமல் வடிவதற்கு வாய்க்கால் வெட்டுவது அவன் வேலை. "செவ்வா, வெள்ளி பச்சத்தண்ணி பல்லுல படாது. ஒங்க வெரதத்த ஒண்ணுகூட தப்பவிடல டாக்டரய்யா."

"என்ர விரதமோ?"

"டாக்டர் வெரதம். அப்பிடித்தான் பேரு. மேல் டிவிசன், கீழ் டிவிசன் ரெண்டுலயும் இருக்காங்க. நீங்கதானே மைக்குல சொன்னீங்க, வெரதம் இருந்தா நாள் வளரும், வீக்கம் வடியும்னு?"

ஷிப்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு கட்டிலில் கிடந்த கையைப் பார்த்தாள், குலுக்கம் நின்றுவிட்டது.

"விரதம் இல்லை வீரய்யா. புரதம். பு. புரதம்."

"அப்பிடின்னா?"

"பருப்பில, முட்டையில, மீனில எல்லாம் இருக்கிற சத்து." சொன்ன கையோடு கிஷாந்தனுக்குத் திக்கென்றது. இதை இப்படியே விட்டால் அடுத்த மாதம் தோட்டம் முழுக்க முட்டை விரதம் தொடங்கிவிடும். "பொறுங்கோ, பொறுங்கோ. நான் சொன்னது அது இல்லை. இது சாப்பிடுற புரதம் இல்லை."

வீரய்யா கொஞ்சம் யோசித்தான். "சாப்பிடாததுன்னா அது வெரதந்தானுங்களே?"

பரீட்சை மண்டபத்தில்கூடக் கிஷாந்தன் இப்படி முழித்ததில்லை.

மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது, சிவப்பு வடிந்தது. கையின் பருமன் மட்டும் வடியவில்லை. முன்னைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. வீட்டுக்குப் போகிற அன்று பாக்கியலெட்சுமி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பகடி இல்லை.

"டாக்டரய்யா, கை பழையபடி ஆகுமா?"

உண்மையான பதில் கிஷாந்தனுக்குத் தெரியும். வாய்தான் வேறொன்றைச் சொன்னது.

"பாப்பம்," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "செவ்வாக்கிழமை கிளினிக்கு இருக்கு, கட்டுப் போட வாங்க," என்று ஷிப்னா சொன்னதற்கு அவளும், "பாப்போம்," என்றாள். அதே சொல். யாழ்ப்பாணத்து நாக்குக்கும் மலைநாட்டு நாக்குக்கும் நடுவில் ஒரு எழுத்து மாறியிருந்ததே தவிர, பேச்சு அங்கே முடிந்துவிட்டது.

அந்தச் செவ்வாய் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை.

கட்டும் நீவலும் இல்லாமல் விட்டால் வீங்கிய கை மெல்ல மெல்ல இறுகும். இறுகியபின் எந்தக் கட்டுக்கும் மசியாது, அடிக்கடி காய்ச்சல் வரும், விரல் மடங்காது. அவகாசம் இருக்கும்போதே அவளைத் திரும்ப வரவைக்க வேண்டும். கிஷாந்தனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேறு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். "மூச்ச இழுக்கவா விடவா சேர்?" என்று அந்த மனிதர் கேட்கும்வரை பார்த்தார். வீட்டில் நடந்தார், வராந்தாவில் நடந்தார். "நடக்கிறதெண்டால் ஒரேயடியா வெலிமடைக்கு நடந்துபோய்க் கிழங்கு வாங்கிக்கொண்டு வாங்கோ," என்றாள் சிவரூபி.

வீரய்யாவுக்குப் போன் எடுத்தார்.

"கேட்டேங்க. பாப்போம்கிறா."

"விரதத்தையாவது விட்டிட்டாவோ? கோயில் தலைவருக்குச் சொல்லி அறிவிக்கச் சொன்னனே?"

"அறிவிச்சாருங்க. ரெண்டு தடவ." வீரய்யா தயங்கினான். "அந்தக் கொழாயில, 'டாக்டர் சொன்னது விரதம் இல்லை, விரதம்'னு கேட்டுச்சு. அதுக்கு என்னா அர்த்தம்னு பெரிய பேச்சாப்போச்சு. சாதா வெரதம் இல்ல, கடும் வெரதம்னு முடிவு பண்ணிட்டாங்க. இப்ப செல பேரு பிளேன்டீயையும் விட்டுட்டாங்க."

கிஷாந்தன் போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அவரை உண்மையில் அரித்தது ஒலிபெருக்கி அல்ல. மேடையில் அவர் சொல்லாமல் விட்ட பாதி. அந்தப் புரதம் எலியின் வாலில் புது நாளம் வளர்த்தது நிஜம். வெளிநாட்டில் சில நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்ததும் நிஜம். நோய் தீரும் என்று சொல்கிற அளவுக்கு எதுவும் தெளியவில்லை. அதைவிடப் பெரியது இன்னொன்று. புற்றுக்கட்டிகள் பலவும் அதே புரதத்தைச் சுரந்து, தங்களுக்கு வேண்டிய நாளங்களை வளர்த்துக்கொண்டு, அந்த வழியாகவே நெறிகளுக்குப் பரவுகின்றன. இது அவருடைய ஆய்வேட்டிலேயே ஒரு அத்தியாயம். புற்றுநோய் வந்த பெண்களின் முன்னால் நின்று, அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு, மற்றதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

கன்டீனில் சத்திரசிகிச்சை நிபுணர் குமாரசிங்கத்தைப் பிடித்தார். அவர் ரோல்ஸ் ஒன்றை இரண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், அந்தப் புரதம் மருந்தா இங்க வந்தால், பாக்கியலெட்சுமி மாதிரி ஆளுக்குக் குடுப்பீங்களோ?"

"நல்ல கேள்வி," என்றார் குமாரசிங்கம். மென்றார். ரோல்ஸின் மற்றப் பாதியையும் மென்றார். "குடுக்கலாம். குடுக்காமலும் விடலாம். வரட்டுமன், பாப்பம்."

இந்த ஆஸ்பத்திரியில் யாரிடமாவது நேரான பதில் வாங்குவதைவிட எலிவாலில் நாளம் வளர்ப்பது சுலபம் என்று கிஷாந்தனுக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சொல்லை வார்டில் முதலில் அவிழ்த்துவிட்டவரே அவர்தான். நிபுணரைக் குறை சொல்ல என்ன முகம் இருக்கிறது?

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். பசறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மடுல்சீமைக்கு இன்னொன்று. பஸ் வளைவுகளில் மூச்சுவாங்கி நின்று நின்று ஏறியது. கிஷாந்தன் சீட்டில் இருந்தார், எழுந்தார், மறுபடி இருந்தார். பக்கத்தில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நீங்க அந்த வெரதத்து டாக்டர்தானே?"

இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு கணம் ஆசை வந்தது. பையிலிருந்து பிஸ்கட் பக்கெற்றை எடுத்து நீட்டினார். "இதைச் சாப்பிடுங்கோ அம்மா. விரதமெல்லாம் வேண்டாம். நான் சொன்னது பிழையா விளங்கிப்போட்டுது."

அம்மா பிஸ்கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சிரித்தாள். "சோதிச்சுப் பாக்குறீங்களாக்கும்! இன்னிக்கி வெள்ளி. தொட மாட்டேன் சாமி."

மடுல்சீமையிலிருந்து ஆட்டோ. ரோட்டு முடிகிற இடத்தில் ஆட்டோவும் முடிந்தது. அதற்குமேல் சறுக்கும் மண்பாதை. அவர்கள் வீடிருந்த லயத்தை அடைந்தபோது டொக்டரின் கால்சட்டை முழங்கால்வரை சேறாகியிருந்தது. அட்டை ஒன்று சப்பாத்துக்குள் குடியேறியிருந்தது. அதைச் சுட்டு எடுக்க வீரய்யா தீப்பெட்டியோடு ஓடிவந்தான்.

பாக்கியலெட்சுமி உள்ளே சுவரில் சாய்ந்திருந்தாள். கை தலையணைமேல் இருந்தது.

"வாங்க டாக்டரய்யா. தொரையப் பாக்க வந்தீங்களா? ஒக்காருங்க. டீ ஊத்தச் சொல்றேன். நான் குடிக்க மாட்டேன், வெள்ளி."

கிஷாந்தன் உட்காரவில்லை. நேரே போய் அவள் கையைப் பெருவிரலால் அழுத்தினார். முன்பெல்லாம் அழுத்திய இடத்தில் மாவில் விழுந்ததுபோல் குழி விழும். இப்போது அரைகுறையாகத்தான் விழுந்தது. இறுகத் தொடங்கிவிட்டது.

"ஏன் வரேல்லை?" அதட்டலாக வந்துவிட்டது.

"சும்மாதான்."

"சும்மா எண்டால்?"

"வேல இருந்துச்சு." அவள் கூரையைப் பார்த்தாள்.

வழியெல்லாம் அவர் ஒரு விளக்கம் தயாரித்து வந்திருந்தார். கான் வெட்டுகிறவன் வீட்டில் கானை வைத்தே சொன்னால் சட்டென்று பிடிபடும் என்று பஸ்ஸில் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்ட விளக்கம். தொண்டையைச் செருமினார்.

"இஞ்ச பாருங்கோ. கையில ஊறுற தண்ணி வடியிறதுக்கு உள்ளுக்க கான் மாதிரிச் சின்னச் சின்ன வழியள் இருக்கு. அக்குளுக்க ஒப்பரேசன் செய்யேக்க அந்தக் கானெல்லாத்தையும் வெட்டிப்போட்டினம். அதுதான் வீக்கம்."

வீரய்யா புருவத்தைச் சுருக்கினான். "கான் வெட்டுனா தண்ணி ஓடுமே டாக்டரய்யா? வெட்டாம விட்டாத்தானே தேங்கும்?"

"இல்லை, வெட்டி எண்டால் அந்த வெட்டு இல்லை. வெட்டி எடுத்திட்டினம்."

"கான எப்பிடிங்க எடுக்குறது? அது பள்ளந்தானே?"

பாக்கியலெட்சுமி மற்றக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, மூடிட்டினம்!" என்றார் கிஷாந்தன். "மூடிட்டினம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. புதுசா வெட்டச் சொல்லி ஆளுக்கு ஆள் சத்தம் போடுற கங்காணி மாதிரி ஒரு சாமான் உடம்புக்குள்ள இருக்கு. அதுதான் நான் மைக்கில சொன்ன புரதம்."

"அந்தக் கங்காணிய எங்க கையிக்கு அனுப்ப ஏலுமா?" என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி. பொத்திய கை இறங்கியிருந்தது. "சுத்தி வளைக்காம சொல்லுங்க. கை பழையபடி ஆகுமா?"

"அது வந்து... பா..."

"பாப்போம்னு சொல்லாதீங்க." குரல் உயரவில்லை, ஆனால் வீரய்யா நிமிர்ந்து பார்த்தான். "ரோட்டுக்குப் பாப்போம்னாங்க. கூரைக்குப் பாப்போம்னாங்க. பாப்போம்னா என்னான்னு எங்களுக்குத் தெரியும். அன்னிக்கி ஆசுபத்திரியில நீங்க சொன்னப்பவே புரிஞ்சிருச்சு, இது ஆகாத கேசுன்னு. ஆகாதத்துக்கு எதுக்கு ரெண்டு பஸ் மாறி வரணும்? அதான் வரல."

தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது. தோட்டத்து ஒலிபெருக்கியைவிட மோசமான ஒரு கருவி தன் வாய்தான் என்று கிஷாந்தனுக்கு அப்போதுதான் உறைத்தது. அது 'வாங்கோ' என்று நினைத்ததை 'வரவேண்டாம்' என்று அறிவித்திருக்கிறது.

தரையில் உட்கார்ந்தார். சேற்றுக் கால்சட்டையோடு.

"பழையபடி ஆகாது," என்றார்.

வீரய்யா கையிலிருந்த தீப்பெட்டியைக் கீழே வைத்தான்.

"ஆகாது. ஆனா ஆகாது எண்டதும் ஒண்டும் செய்ய ஏலாது எண்டதும் வேற வேற. ஒழுங்காக் கட்டுப் போட்டு, நீவி, ஷிப்னா காட்டித் தாற அப்பியாசத்தையும் செய்தால் வீக்கம் ஓரளவு குறையும். இதைவிடக் கூடாமல் வைச்சிருக்கலாம். காய்ச்சல் வாறது குறையும். விரல் மடங்கும். விட்டால் கை கல்லுமாதிரி ஆகிடும். பிறகு நான் தலைகீழா நிண்டாலும் முடியாது. இப்பவே இறுகத் தொடங்கிட்டுது."

"அந்தக் கங்காணி?"

"இஞ்ச மருந்தா இல்லை. எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாது. வந்தாலும் உங்களுக்குக் குடுக்க நான் பயப்பிடுவன். அது தண்ணிக்கு மட்டும் வழி போடாது. மிச்சம் மீதி நோய் எங்கயாவது கிடந்தால், அது பரவுறதுக்கும் அதே வழியைப் போட்டுக் குடுக்கக் கூடும். அண்டைக்கு இதை நான் சொல்லேல்லை. சொன்னால் நீங்கள் கைதட்டியிருக்க மாட்டியள்."

பாக்கியலெட்சுமி தலையணைமேல் இருந்த கையைப் பார்த்தாள். கண் கலங்கியதா, அடுப்புப் புகையா, தெரியவில்லை.

"கேட்டீங்களா தொரை?" என்றாள் அதனிடம். "கடைசி வரைக்கும் ஒங்களத் தூக்கிச் சுமக்க வேண்டியதுதானாம்."

பிறகு கிஷாந்தன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு சொல்லவா டாக்டரய்யா? வெரதம் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும். ஆசுபத்திரியில படுத்திருக்கையில இவருகிட்ட நீங்க சொன்னத கேட்டுக்கிட்டுத்தான் கெடந்தேன்."

"பிறகேன் விடேல்லை?"

"ஆப்பரேசன் ஆனதுலருந்து எல்லாரும் தூக்காத, குத்திக்காத, கொழுந்து பறிக்காத, அடுப்புக்கிட்ட போகாத, இப்பிடித்தான். நீங்க ஒரு ஆளுதான் இருன்னு சொன்னீங்க. வெரதம்னு கேட்டுச்சோ வேற என்னமோ, இருன்னு கேட்டுச்சுல்ல?"

கிஷாந்தன் சப்பாத்தில்லாத தன் காலைப் பார்த்தார். அட்டை கடித்த இடத்தில் இன்னும் ரத்தம் நிற்கவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவருக்கு ஒரு விளக்கம் வரும். அதைச் சொல்லித் தப்பிவிடுவார். தேடிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

வீரய்யா தேநீரைக் கொண்டுவந்து வைத்தான். கிஷாந்தன் கோப்பையைக் கையில் எடுத்தார், குடிக்காமல் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அப்ப கிளினிக்குக்கு வருவீங்களோ?"

கேட்டுவிட்டு அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தார். ஊரெல்லாம், ஆஸ்பத்திரியெல்லாம், தன் வாயெல்லாம் நிறைந்து கிடக்கும் அந்த நாலெழுத்துக்காக. பாக்கியலெட்சுமி எட்டி அவர் கோப்பையை இடது கையால் வாங்கினாள். ஒரு மிடறு குடித்தாள். வெள்ளிக்கிழமை, அந்திக்கு முன்னால். வீரய்யா வாயைப் பிளந்தான்.

"ஒங்க வெரதத்த இன்னியோட விட்டாச்சு," என்றாள். "செவ்வாக்கெழம வர மாட்டேன், அது ஆத்தா வெரதம், நான் சின்னப் புள்ளயிலருந்து இருக்குறது. பொதங்கெழம வர்றேன்."